வலது தோளில் முந்தானை

சேசு மரி சூசை துணை

லோரோங் 5, தோ பாயோ,
சிங்கப்பூர்.
9-12-1982

என் அன்பு மகள் பிரிஜட்டுக்கு,

அம்மா அல்போன்சம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதாவின் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், நீ அந்த லீட்ஸ் குளிரில் தடுமன் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ மிட்வைஃப் பரீட்சை பாஸ் என்று தந்தி வந்த அன்று அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிளாக் முழுக்கச் சுற்றினார், முழங்கால் வலி எங்கே போயிற்று என்று கேட்டேன், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, தைத்து வைத்த துணி எல்லாம் ஈர வாடை அடிக்கிறது. கிறிஸ்துமசுக்கு வந்த ஜாக்கெட்டுகளே இருபத்திரண்டு கிடக்கின்றன, அத்தனையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உன் கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் வெட்ட உட்கார்ந்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய அளவை வைத்துக்கொண்டு நான் எப்படி வெட்டுவது? ரொட்டியும் சீசும் தின்று நீ எவ்வளவு பூரித்திருக்கிறாயோ தெரியாது. தோள், கை, இடுப்பு மூன்றையும் ஒரு சிநேகிதியை விட்டு அளக்கச் சொல்லி உடனே எழுது, நீயே அளந்தால் ஏமாற்றுவாய்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆகையால் பதறாதே. உன் பரீட்சை முடியட்டும் என்று இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், என் வாயைக் கட்டுவது எத்தனை சிரமம் என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளை எட்மண்டும் உனக்கு ஒன்றும் எழுதியிருக்கமாட்டான், அம்மா எழுதும்வரை நீ எழுதாதே என்று நான்தான் அவனிடம் சத்தியம் வாங்கினேன், அதற்காக அவன்மேல் பாயாதே.

அக்டோபர் பத்தாம் தேதி ஞாயிறு எட்டு மணிப் பூசையில் உங்கள் மூன்று கல்யாண ஓலைகளில் முதலாவதை வாசித்தார்கள். இன்னார் மகன் எட்மண்டும் இன்னார் மகள் பிரிஜட்டும் மெய்விவாகம் செய்யப் போகிறார்கள், இதற்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று உன் பெயர் கோயில் முழுக்கக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அப்பா கண்ணைத் துடைத்தார், என்ன என்று கேட்டால் சாம்பிராணிப் புகை என்றார், அன்றைக்குச் சாம்பிராணியே போடவில்லை. அப்படிச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். புதன்கிழமை சாயங்காலம் எட்மண்டின் அம்மா உர்சுலா தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சம்பந்தி வந்திருக்கிறார்களே என்று பாலை நிறைய விட்டுக் காப்பி கலந்து வைத்தேன், அவர்கள் தொடவேயில்லை, ஆடை படர்ந்து ஆறிப்போயிற்று. கையைப் பிசைந்துகொண்டே, "தப்பா நெனைக்காதீங்க, பிரிஜட்டுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஒருத்தர் சாமிகிட்ட போட்டோ கொடுத்திருக்காராம், சாமி எட்மண்டுக்கு போன் பண்ணாரு, அது தீர்ற வரைக்கும் ரெண்டாவது ஓலை வாசிக்க மாட்டாராம்" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! என் மகளைப் பற்றி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவா என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். விழுங்கியதற்குக் காரணம் எட்மண்ட். அவன் தாயிடம், "நான் கட்டிக்கப் போறது பிரிஜட்டைத்தான், போட்டோவை இல்ல, நீங்க போய் ஆன்ட்டிகிட்ட நேரா கேளுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த வார்த்தையைக் கேட்டதும் இந்தப் பிள்ளை வீட்டுக்கு உன்னைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆனால் வருகிற ஞாயிறு ஓலை வாசிக்காமல் விட்டால் என்ன ஆகும்? முதல் ஓலையைக் கேட்ட ஊர் இரண்டாவதை எங்கே என்று கேட்கும், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும், பிறகு நீ கோயிலில் கல்யாணமே செய்தாலும் உன் பெயருக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்கும். நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு சாமியிடம் போனேன். சாமி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். மகளே, அந்தப் படத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். உன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்துச் சங்கிலியில் சிலுவை இல்லை, வட்டமாய் என்னவோ தொங்குகிறது. முகம் உன் முகம், சிரிப்பு உன் சிரிப்பு. நான் பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி எனக்கே தடுமாறிவிட்டது, ஆறு வருஷமாய்க் கண்காணாத தேசத்தில் இருக்கிறாளே, எனக்குத் தெரியாமல் ஏதாவது என்று நினைத்தேன். அதற்கு மாதா என்னை மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துவிடு. 

பிறகுதான் என் கண் சேலைக்குப் போயிற்று. முப்பது வருஷமாகத் துணியையே பார்க்கிற கண் அல்லவா. நீ லண்டன் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஹனீபா பாய் ஸ்டூடியோவில் எடுத்தோமே, அந்த மாம்பழக் கலர் சேலை. கையில் சரிகை வைத்து நான் தைத்த ஜாக்கெட். உன் கழுத்தோரம் சுருண்ட அதே முடி. உட்கார்ந்த விதமும் அதேதான், ஆனால் பார்க்கப் பார்க்க என்னவோ உறுத்திற்று. சட்டென்று பிடிபட்டது. முந்தானை வலது தோளில் கிடக்கிறது! சாமி, இது பொய்ப் படம் என்று மேஜையில் தட்டினேன், மைக்கூடு குதித்தது. எந்தத் தமிழச்சியாவது முந்தானையை வலது தோளில் போடுவாளா, கைக்கடிகாரத்தைப் பாருங்கள், அதுவும் வலது கையில் இருக்கிறது, என் மகள் இடது கையில்தான் கட்டுவாள் என்றேன். சாமி விடவில்லை, "வடக்கத்திக்காரங்க சில பேரு அப்படிப் போடுறாங்களே அல்போன்சம்மா" என்றார். நான் பெற்றது குஜராத்திப் பிள்ளையா சாமி என்று கேட்டேன், அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அரை மணி பொறுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்து ஹாலில் மாட்டியிருந்த உன் படத்தைச் சட்டத்தோடு கழற்றி மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் சாமிமார் தலைசீவ ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதைக் கொண்டுவரச் செய்து அந்தத் திருட்டுப் படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள்ளே முந்தானை இடது தோளுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நம்முடைய படத்தை வைத்தேன். மடிப்புக்கு மடிப்பு, விரலுக்கு விரல் ஒன்றேதான். உன் நெகட்டிவைத் திருப்பிப்போட்டு, நீ அந்த ஆள் பக்கமாகப் பார்க்கிற மாதிரி ஒட்டி, சிலுவையை மறைத்துப் பொட்டும் வரைந்திருக்கிறான் படம் செய்தவன். சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "நானும் சேலை கட்டுற ஊர்ல பிறந்தவன்தான், இது கண்ணுல படலையே" என்று சிரித்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான், அந்த ஆளே வந்து இவளை எனக்குத் தெரியாது என்று என் முன்னால் சொன்னால் ஞாயிறு ஓலை வாசிப்பேன் என்றார்.

இங்கேதான் நான் உன்னிடம் ஒரு பாவத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் வெளியே போனது எப்படி என்று நீ கேட்பாய். அதற்குக் காரணம் நான். படம் கழுவி வந்த அன்றே ஹனீபா பாய், "அக்கா, பாப்பா படம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு, ஷோகேஸ்ல வைக்கட்டுமா" என்று கேட்டார், எனக்குத் தலைகால் புரியவில்லை, பேஷாக வையுங்கள் என்றேன். உன்னைக் கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. பாயா லேபார் விமான நிலையத்தில் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது, "அம்மா, என் மூஞ்சி ரோட்டுல நிக்கிறது எனக்குப் புடிக்கல, எடுத்துடச் சொல்லுங்க" என்றாய். சரி சரி என்று தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சொல்லத்தான் போனேன். கண்ணாடிக்குள்ளே நீ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய், எனக்கு வாய் வரவில்லை, பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து வாராவாரம் அப்படித்தான். வீட்டில் படம் இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று உன்னைப் பார்ப்பதைப் பார்க்க எனக்கு ஒரு ஆசை, இவள் என் மகள் என்று முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ கடிதத்தில் இரண்டு தரம் கேட்டாய், எடுத்தாச்சா என்று. இரண்டு தரமும் எடுத்தாயிற்று என்று எழுதினேன். பொய். பெற்ற மகளுக்கு எழுதிய பொய். நீ கோபப்பட்டால் அது நியாயம், நான் ஒரு வார்த்தை எதிர் சொல்லமாட்டேன்.

இனி அந்த ஆளின் கதைக்கு வருகிறேன். சாமியிடம் படத்தைக் கொடுத்தது நம் பங்குக் கோயிலுக்கு வருகிற அருளானந்தம், ஈசூனில் புது வீடுகள் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறாரே அவர்தான். கட்டட வேலைக்காரர்கள் தங்குகிற கொட்டகையில் தங்கராஜு என்கிறவன் கட்டில் தலைமாட்டில் இந்தப் படம் இருந்திருக்கிறது. யார் இது என்று இவர் கேட்க, என் சம்சாரம் என்று அவன் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை ஓலை கேட்டதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஷோகேசில் உன்னைக் காட்டி இவரிடமும் நான் பெருமை பேசியவள்தானே, முகம் மறக்குமா. சாமியாரிடம் காட்டி ஆசீர்வாதம் வாங்கித் தருகிறேன் என்று அவனிடம் சொல்லிப் படத்தை வாங்கி வந்துவிட்டார். முதலில் என்னிடம் வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று நான் அவரைப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்கினேன். "அக்கா, தடை தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்னு ஓலையிலேயே சொல்றாங்களே, நான் என்ன பண்ணட்டும்" என்றார். அதுவும் சரிதான், அவர் செய்தது கடமை. ஆசீர்வாதம் என்று சொன்ன பொய்க்கு மட்டும் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அருளானந்தத்தோடு ஈசூன் போனோம். எங்கே பார்த்தாலும் செம்மண் சேறும் இரும்புக் கம்பியும்தான், பாதி எழும்பின பிளாக்குகள், என் செருப்பு ஒன்று சேற்றில் போயே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசில் எழுதிக்கொடு என்றார்கள், நானும் இவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றுதான் போனேன். ஒற்றைச் செருப்போடு நிற்கிற என்னைப் பார்த்ததும் தங்கராஜு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான், உன் அம்மா என்று தெரிந்ததும் முகம் செத்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். ஊரில் அக்காள் மகளைக் கட்டவேண்டும் என்று தாய் பிடிவாதம், பிள்ளைக்குப் பதினாறு வயசு. "பொறந்தப்போ முதல்ல தூக்குனதே நான்தாம்மா, தோள்ல போட்டு வளர்த்த புள்ள, அதுக்கு எப்படிம்மா தாலி கட்டுறது" என்று கேட்டான். சொன்னால் தாய் கேட்கவில்லையாம், மாமன் கட்டாமல் யார் கட்டுவது என்று தூக்கில் தொங்கப் போகிறாளாம். அதற்காக, எனக்கு இங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதிவிட்டான். அந்த அம்மாள் லேசுப்பட்டவளா, அப்படியானால் மருமகள் படத்தை அனுப்பு என்றிருக்கிறாள். இவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்ட்ரீட் வந்தவன், ஸ்டூடியோ வாசலில் நின்று, இந்தப் பொண்ணோடு என்னைச் சேர்த்துப் போட்டுத்தாங்க என்று கேட்டிருக்கிறான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, யார் வீட்டுப் பெண் என்று ஒரு தரம் நினைத்தாயா என்று கத்தினேன். "கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிற படம்தானே, யாருக்கும் சொந்தமில்லேன்னு நெனச்சுட்டேம்மா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அங்கே வைக்கச் சொன்னவள் நான் அல்லவா. அதற்குமேல் கத்த எனக்குத் தெம்பில்லை, போலீஸ் பேச்சையும் விட்டேன், அவனுடைய வேலை பெர்மிட்டைப் பிடுங்கி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது. அன்று சாயங்காலமே சாமி முன்னால் வந்து, இந்தப் பெண்ணை நான் கண்ணால் பார்த்ததில்லை என்று அருளானந்தமும் உர்சுலாவும் கேட்கும்படி சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஞாயிறு எட்டு மணிப் பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள், ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பூசை முடிந்து உர்சுலா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நானும் ஆறின காப்பியை மறந்துவிட்டேன், நீயும் மனசில் வைக்காதே, பிள்ளையைப் பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

திங்கட்கிழமை ஹனீபா பாயிடம் போனேன். அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. ஊரில் பெண்டாட்டியை விட்டுவிட்டு இங்கே ஒண்டியாய்க் கிடக்கிற ஆட்கள் அவள் படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவர் புருஷன் படத்தோடு சேர்த்து ஜோடியாக்கிக் கொடுப்பார், அப்படி எத்தனையோ வீட்டில் தொங்குகிறது. அந்தப் பழக்கத்தில் இதையும் செய்துவிட்டார், "ஊருக்குத்தானே அனுப்பப் போறான், இங்க யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்கா" என்றார். நினைத்தது போதும், நெகட்டிவைக் கொடுங்கள் என்றேன். "நெகட்டிவ் கொடுக்கிற வழக்கமே இல்லக்கா, எந்த ஸ்டூடியோவுலயும் கொடுக்க மாட்டாங்க, கேட்டுப் பாருங்க" என்றார்.  உள்ளே போய்ப் படம் எடுக்க உட்கார வைக்கிற நாற்காலியில், அந்த அரண்மனைப் படுதாவுக்கு முன்னால், உட்கார்ந்து நூற்றைம்பத்து மூன்று மணி செபமாலையைத் தொடங்கினேன். அக்டோபர் செபமாலை மாதம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சந்தோஷ தேவ இரகசியம் ஐந்தும் முடிந்து, துக்க தேவ இரகசியத்தில் முள்முடி சூட்டினது வரைக்கும் வந்திருந்தேன், "போதும்கா, எந்திரிங்க லா, கொடுத்துடுறேன், என் பொழப்பு போகுது" என்று கும்பிட்டார். உன் நெகட்டிவ், ஷோகேஸ் படம், கவுண்டரில் மாதிரிக்கு வைத்திருந்த ஜோடிப் படம் எல்லாவற்றையும் வாங்கினேன். ஜோடிப் படத்துக்கென்று அவர் தனியாக எடுத்த நெகட்டிவைப் பையிலிருந்த கத்தரிக்கோலால் அவர் கண்முன்னாலேயே துண்டு துண்டாக வெட்டினேன். இனிமேல் பெண் பிள்ளை படம் வைப்பதானால் தாயைக் கேட்காதீர்கள் பாய், அந்தப் பிள்ளையைக் கேளுங்கள் என்று சொன்னேன். இப்போது அவர் ஷோகேசில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது.

மீதி ஒன்று பட்டுக்கோட்டையில் இருந்தது. தங்கராஜு, "அம்மாவுக்கு வயசாச்சு, போகட்டும் விடுங்கம்மா" என்று கெஞ்சினான். அப்பாவும் பாவம் விட்டுவிடு என்றார். நான் விடவில்லை. பாவம் என்று விட்டால் எவனோ வீட்டுச் சுவரில் நீ மருமகளாய்த் தொங்கிக்கொண்டிருப்பாய், எனக்குத் தூக்கம் வருமா? அவனை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, சோறு போட்டு, பிறகு பேனாவைக் கையில் கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுது, அக்காள் மகளை ஏன் கட்ட மாட்டாய் என்பதையும் எழுது என்றேன். மூன்று தாள் கிழித்தான், நாலாவதில்தான் எழுத வந்தது. அடியில் நானும் எழுதினேன். அம்மா, நானும் பிள்ளை பெற்றவள், உங்கள் மகன் கெட்டவன் இல்லை, பயந்தவன், படத்தில் இருப்பது என் மகள், அவளுக்கு ஜனவரி மாதம் கல்யாணம், படத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்று. தபாலில் நானே போய்ப் போட்டேன், அவன் கையில் கொடுத்தால் ஈசூன் சேற்றோடு போய்விடும்.

போன வாரம் பதில் வந்தது, ரிஜிஸ்தர் தபாலில், என் பெயருக்கே. அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே உன் படம். அவள் அதை நடுவில் வெட்டிப் பையன் பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு உன் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாள். வெட்டுத் தெரிந்தவள் இல்லை, உன் தோளோரத்தில் அவன் சட்டைத் துணி ஒரு விரல்கடை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் வரைந்த பொட்டுக்குமேல் நிஜக் குங்குமம் அப்பியிருக்கிறது. கடிதத்தில் இவ்வளவுதான், "ஏழு மாசமா வெள்ளிக்கெழம தோறும் இந்தப் புள்ளைக்குப் பொட்டு வச்சு, எம் மருமவ நல்லா இருக்கணும்னு கும்புட்டேன். எம் மருமவ இல்லேன்னாலும் கும்புட்டது கும்புட்டதுதான். யாரு பெத்த புள்ளையோ, மவராசியா இருக்கட்டும். பேத்தியையும் கேட்டேன், அதுவும் மாமன் வேணாம்னு அழுவுது, படிக்கப் போவுதாம்." அதைப் படித்துவிட்டு நான் தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

உனக்கு நான் புத்தி சொல்கிற நிலையில் இல்லை, இருந்தாலும் தாய் வாய் சும்மா இராது. உங்கள் ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் போட நீ சேலை கட்டின படம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். கொடுத்தால் எதில் போடுவார்கள், வேறு எதற்கும் எடுக்க மாட்டார்களா, நெகட்டிவ் யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். கல்யாணப் படத்துக்கு எட்மண்ட் ஆள் பார்த்திருக்கிறான், நெகட்டிவ் எல்லாம் உங்கள் கையில்தான் வரவேண்டும் என்று முதல் பேச்சிலேயே பேசச் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டாயிற்று, அது பற்றிக் கவலை இல்லை. மூன்று ஓலையும் முடிந்த சான்றிதழைச் சாமி கொடுத்துவிட்டார், இத்துடன் அதன் நகல் இருக்கிறது, உன் பங்குச் சாமியிடம் காட்டு.

இந்தக் கவரில் இரண்டு அட்டைக்கு நடுவில் உன் நெகட்டிவ் இருக்கிறது. கூடவே ஷோகேஸ் படம், ஹாலில் மாட்டியிருந்த படம், சாமி திருப்பிக் கொடுத்த ஈசூன் படம், கவுண்டர் படம், பட்டுக்கோட்டையிலிருந்து வந்த பாதி, எல்லாம் இருக்கின்றன. குங்குமத்தை நான் துடைக்கவில்லை, அவன் சட்டைத் துணியையும் கத்தரிக்கவில்லை, கத்தரிக்கோலை எடுக்கக் கை போயிற்று, நிறுத்திக்கொண்டேன். அதில் எனக்கு என்ன அதிகாரம்? கிழிக்கிறாயோ, கொளுத்துகிறாயோ, வைத்துக்கொள்கிறாயோ, உன் முகம், உன் இஷ்டம். ஆனால் மகளே, எல்லாவற்றையும் உனக்கு அனுப்பிவிட்டதால் பெரிய பெண்ணாய் நீ இருக்கிற படம் இந்த வீட்டில் இப்போது ஒன்றுகூட இல்லை. புது நன்மை என்று முதல் நற்கருணை வாங்கின அன்று எடுத்த எட்டு வயசுப் படம் ஒன்றுதான் இருக்கிறது. நெகட்டிவ் என் கையில் இருந்த இந்த ஏழு வாரமும் எனக்கென்று ஒரு பிரதி போட்டுக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது, போடவில்லை. இப்போது உன்னைக் கேட்கிறேன், ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. உன் படம் ஒன்றை நான் வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, அம்மா மனசு நோகும் என்று பார்க்காதே.

சாங்கி விமான நிலையத்தில் நீ இறங்குகிற அன்று அப்பா காலையிலிருந்தே அங்கே நிற்பார், நானும் நிற்பேன். தோள், கை, இடுப்பு அளவை மறக்காதே. இராத்திரி செபத்தை விடாதே, காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள். சேசுவும் மாதாவும் சூசையப்பரும் உன் தலைமாட்டில் காவல் இருக்கட்டும், நீயும் எட்மண்டும் நூறு வருஷம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழவேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
அல்போன்சம்மாள்